பச்சை மூடி மருந்து

காசிமேட்டில் மீன் வாங்கப் போன இடத்தில் என் ஐஸ் பெட்டியை வைத்துவிட்டு, மீன் விற்கிற வியாகுலம்மாளின் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தது நான்தான். வேறு யார் மீதாவது பழி போட்டுப் பார்த்தேன், ஒட்டவில்லை. இரண்டும் நீலப் பெட்டி, இரண்டுக்கும் வெள்ளை மூடி, இரண்டையும் ஒரே மாதிரி நைலான் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. வித்தியாசம் உள்ளே இருந்தது. அவர் பெட்டியில் கானாங்கெளுத்தி. என் பெட்டியில் எட்டுக் கைக்குழந்தைகளின் மலம்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் தப்பாக நினைப்பீர்கள். சொன்னாலும் நினைப்பீர்கள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் பிறந்த குழந்தைகளின் குடலில் என்னென்ன நுண்ணுயிர்கள் குடியேறுகின்றன, எது அவற்றை வளர்க்கிறது, எது விரட்டுகிறது என்று ஓர் ஆய்வு நடக்கிறது. அதற்காக வீடு வீடாகப் போய் சாம்பிள் வாங்கி வருகிறவன் நான். பெயர் ஜெரி. ஏரியாவில் முக்கால்வாசிப் பேர் அப்படிக் கூப்பிடுவதில்லை. ‘கக்கா சாரு’ என்பார்கள். என் மனைவி மெர்லின் மட்டும் ‘கள ஒருங்கிணைப்பாளர்’ என்பாள், அதுவும் அவள் அம்மாவிடம் போனில் பேசும்போது.

அன்று பார்த்து டெல்லியிலிருந்து இரண்டு பெரிய மனிதர்கள் ஆய்வைப் பார்வையிட வந்திருந்தார்கள். ஆய்வுக்குத் தலைவர் கௌசர் மேடம். குழந்தை மருத்துவர். கோபம் வந்தால் குரல் இன்னும் மெதுவாகிவிடும். கையுறை மாட்டிக்கொண்டு, எங்கள் களப்பணியாளர்கள் ரொம்பப் பொறுப்பானவர்கள் என்று வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டே பெட்டியைத் திறந்தார். கானாங்கெளுத்தி எல்லாம் கண்ணைத் திறந்துகொண்டு அவரைப் பார்த்தன.

“ஜெரி,” என்றார் மெதுவாக. “இதுல எந்தக் குழந்தை சுகப்பிரசவம், எந்தக் குழந்தை சிசேரியன்?”

நான் பதில் யோசிப்பதற்குள் போன் அடித்தது. பெட்டியின் மூடியில் என் நம்பரை ஒட்டி வைத்திருந்தேன். பொறுப்பு என்றால் அதுதான்.

“நைனா, நீ இன்னா தொழிலு பண்றே?” என்றது ஒரு பெண் குரல். பின்னால் திருவொற்றியூர் மார்க்கெட் இரைச்சல்.

“ஆராய்ச்சிக்கா.”

“ஆராய்ச்சியா. ஏதோ மசாலா டப்பான்னு நென்ச்சுகினு தொறந்துட்டேன். ஏழு டப்பா தொறந்தேன். எட்டாவத தொறக்க எனக்குத் தெம்பு இல்ல.”

“மூடி வெச்சிட்டியாக்கா?”

“பின்ன, கூறு கட்டி விக்கச் சொல்றியா?”

ஏழும் வீணாகிவிட்டன. எட்டாவது தப்பித்ததற்குக் காரணம் அதைக் கட்டியிருந்த விதம். தாய்மார்கள் வெட்கப்பட்டுக்கொண்டு டப்பாவை எதிலாவது சுற்றித்தான் தருவார்கள். எர்ணாவூர் ரிஃபானா அதைப் பிரியாணிக்கடைக் கவரில் போட்டு முடிச்சு மேல் முடிச்சாகக் கட்டியிருந்தாள். அது அவளுடைய நாலு மாதப் பையன் சுஃபியானுடையது. பெட்டியை மாற்றிக்கொண்டு வந்து அதை லேபில் கொடுத்துவிட்டு, மற்ற ஏழு வீட்டுக்கும் திரும்பப் போய்ப் பல்லை இளித்து நின்றேன். “குடுத்தது பத்தலியா கக்கா சாரு?” என்று கேட்டார்கள். பிஸ்கட்டும் கொடுத்தார்கள். பேஜாரான வேலை, ஆனால் ஜனங்கள் நல்ல ஜனங்கள்.

சுஃபியானுடைய சாம்பிளின் முடிவு வந்ததும் கௌசர் மேடம் என்னைக் கூப்பிட்டார். முதலில் மீனைத்தான் சந்தேகப்பட்டார். “மறுபடியும் ஒண்ணு வாங்கிட்டு வாங்க. வழியில எங்கயும் நிக்காதீங்க,” என்றார். வாங்கி வந்தேன். காசிமேட்டைத் தாண்டும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொண்டுதான் வண்டி ஓட்டினேன். இரண்டாவது முடிவும் முதல் முடிவு மாதிரியே இருந்தது. கானாங்கெளுத்தி நிரபராதி.

“தாய்ப்பால்ல ஒரு வகை சர்க்கரை இருக்கு ஜெரி,” என்றார் மேடம். “அது குழந்தைக்குச் செரிக்காது. ஏன்னா அது குழந்தைக்கே இல்ல. குடல்ல இருக்கற நல்ல நுண்ணுயிருக்கு. அதுங்க அதைச் சாப்பிட்டுப் பெருகி, கெட்டது உள்ள வராம இடத்தைப் பிடிச்சு வச்சுக்கும்.”

“அப்படின்னா தாய்ப்பால் ரெண்டு பந்தி.”

“ஆமா. இந்தப் பையனுக்கு ரெண்டாவது பந்தியில ஆளே இல்ல. சுகப்பிரசவம், தாய்ப்பால் மட்டும்தான். அப்போ பந்தி நிறைஞ்சு இருக்கணும். ஆன்டிபயாடிக் திரும்பத் திரும்பக் குடுத்த குழந்தைங்க கிட்டதான் இப்படிப் பாத்திருக்கேன். ஆனா அவங்க அம்மா, எதுவும் குடுக்கலன்னு உங்க கிட்ட சொல்லியிருக்காங்க.”

“பையனுக்கு அடிக்கடி வயிறு போவுதே, அதுக்கு இதுதான் காரணமா?”

“இந்தச் சோதனையை வச்சு அப்படி அடிச்சுச் சொல்ல முடியாது. இது ஆராய்ச்சிக்குத்தான். ஆனா என்ன மருந்து உள்ள போச்சுன்னு தெரிஞ்சா, ஒரு குழந்தை டாக்டரா நான் ஏதாவது சொல்லலாம்.”

அன்றைக்கே எர்ணாவூர் குடியிருப்பில் மூன்றாவது மாடி ஏறினேன். ரிஃபானா கதவைத் திறந்ததும் டப்பாவை எடுக்க உள்ளே திரும்பினாள். வேண்டாம் என்றேன். சுஃபியான் பாயில் மல்லாந்து கிடந்து மின்விசிறியிடம் ஏதோ புகார் சொல்லிக்கொண்டிருந்தான். இரண்டு மாதமாக விட்டு விட்டு வயிறு போகிறது அவனுக்கு. எடை ஏறவில்லை. கால் இரண்டும் முருங்கைக்காய்.

“ஜெரிண்ணே, நீயே சொல்லு,” என்றாள். “வர்ற சனிக்கெழமலருந்து பாலை நிறுத்திட்டு டின் பவுடர் குடுக்கச் சொல்லிட்டாரு வேலப்பன் டாக்டரு. என் பாலு புள்ளைக்கு ஒத்துக்கலியாம். பெத்த புள்ளைக்கு என் பாலு ஒத்துக்காதா? அது இன்னா, கொடுங்கையூர் குப்பைத் தண்ணியா?”

அவள் கண் கலங்கவில்லை. கோபமாக இருந்தாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது, அழுதால் ஏதாவது ஜோக் சொல்லிச் சமாளித்திருப்பேன்.

“ரிஃபானா, ஆன்டிபயாடிக் எதுனா குடுத்தியாம்மா?”

“அல்லா மேல சத்தியமா இல்லண்ணே. டாக்டரு குடுக்கற வயித்து மருந்து மட்டுந்தான்.”

“அது எங்க?”

சமையலறை அலமாரியைக் காட்டினாள். சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பாட்டில்கள், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. ஒன்றில் தேங்காயெண்ணெய். எல்லாவற்றுக்கும் பச்சை மூடி. ஒன்றிலும் பெயர் இல்லை.

அந்த இடத்தில் என் தலையில் நானே ஒரு குட்டு வைத்துக்கொண்டேன். திருவொற்றியூரில் பாதிக் குழந்தைகள் வேலப்பன் டாக்டரின் குழந்தைகள்தான். அவர் சீட்டு எழுதமாட்டார். வாங்குகிற சொற்ப ஃபீஸிலேயே மருந்தும் அடக்கம். கம்பவுண்டர் சுடலைராஜ் பெரிய பாட்டிலிலிருந்து சின்னப் பாட்டிலில் ஊற்றித் தருவார். காய்ச்சலுக்குச் சிவப்பு மூடி, இருமலுக்கு வெள்ளை மூடி, வயிற்றுக்குப் பச்சை மூடி. இங்கே யாரும் மருந்தின் பேரைச் சொல்லமாட்டார்கள், மூடியைத்தான் சொல்வார்கள். நானே அப்படி வளர்ந்தவன். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட வயிற்றுவலி நடித்து நான் குடித்த பச்சை மூடிகளை அடுக்கினால் கலங்கரை விளக்கம் கட்டலாம். அப்படிப்பட்ட நான், வீடு வீடாகப் போய் ‘ஆன்டிபயாடிக் கொடுத்தீர்களா’ என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ‘பச்சை மூடி குடுத்தியா’ என்று ஒருத்தரையும் கேட்கவில்லை.

“பொய் சொன்னேன்னு நெனச்சியாண்ணே?” என்றாள் ரிஃபானா.

“இல்லம்மா. கேக்கத் தெரியாதவன் கேட்டேன்.”

கௌசர் மேடம் வேலப்பன் டாக்டருக்குப் போன் போட்டார். “வயித்துக்குத்தான் குடுத்தேன்,” என்று அவர் சொன்னாராம். என்ன மருந்து என்று கேட்டதற்கு, “எனக்கு வெளிய கூட்டம் நிக்குது, உங்களுக்கு டப்பா நிக்குது,” என்று வைத்துவிட்டாராம். முறைப்படி கடிதம் எழுதுகிறேன் என்றார் மேடம். முறைப்படி பதில் வருவதற்குள் சுஃபியானுக்கு மீசை முளைத்துவிடும். சனிக்கிழமைக்குள் நானே கேட்டு வருகிறேன் என்று கிளம்பினேன்.

முதலில் சுடலைராஜைப் பிடித்தேன். டிஸ்பென்சரியின் சின்ன ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“அண்ணாத்தே, பச்ச மூடில இன்னா கீது?”

“மருந்து.”

“இன்னா மருந்து?”

“பச்ச மூடி மருந்து.”

“அத்த எதுல கலக்கறீங்க?”

“பாட்டில்ல.” ஜன்னல் மூடிக்கொண்டது.

சரி, நேராக டாக்டரையே கேட்பது என்று டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன். அந்த ஹாலில் என் இடுப்புக்கு மேல் உயரம் உள்ள நோயாளி நான் ஒருவன்தான். பக்கத்தில் ஒரு பாப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் சப்பின முறுக்கை எனக்கு நீட்டினாள். என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

உள்ளே போனதும் வேலப்பன் டாக்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “டேய், வயித்துவலி ஜெரி. நாப்பது வயசாகப்போவுது, இன்னும் ஸ்கூல் போவ மாட்டேங்கறியா?”

நான் பயிற்சி செய்து வைத்திருந்த கேள்வி முழுவதும் தொண்டைக்குக் கீழே இறங்கிப் போனது. சட்டையைத் தூக்கச் சொன்னார், தூக்கினேன். வயிற்றைத் தட்டினார், வலிக்கிறது என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. பழக்கம்.

வெளியே வந்தபோது என் கையில் பச்சை மூடி.

ரிஃபானாவின் புருஷன் ரஷீது துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். வாசலில் எனக்காகக் காத்திருந்தான். என் கையைப் பார்த்தான். “மாமு, நீ கேக்கப் போனியா, வைத்தியம் பாத்துக்கப் போனியா?”

“ஆதாரம் வாங்கினு வந்திருக்கேன் தோஸ்து.”

“ஆதாரமா. அப்போ தெனம் மூணு வேள குடி.”

அந்த ஆதாரத்தைக் கௌசர் மேடத்திடம் காட்டினேன். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். வாழைப்பழ எசன்ஸ் வாசனை. “முகர்ந்து பாத்து சொல்றதுக்கு நான் மீன் வியாபாரி இல்ல ஜெரி. நம்ம மெஷின் எல்லாம் வேற சரக்குக்கு. அவர் வாயால சொல்லணும்.” பிறகு கொஞ்சம் நிறுத்தி, “அவர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க. அந்த ஏரியாவுல அவர் காப்பாத்தின குழந்தைங்க அளவுக்கு நான் பாத்ததுகூட இல்ல. தேவையான நேரத்துல ஆன்டிபயாடிக் உயிரைக் காப்பாத்தும். இந்தப் பையனுக்குத் தேவைப்பட்டுச்சாங்கறதுதான் கேள்வி,” என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் ரிஃபானாவும் ரஷீதும் குழந்தையோடு வந்தார்கள். ரஷீது கையில் டின் பவுடர் வாங்குவதற்கு ஒரு பை. நான் அவர்கள் டோக்கனிலேயே உள்ளே நுழைந்தேன். இந்தத் தடவை சட்டையை பேண்ட்டுக்குள் விட்டு பெல்ட் போட்டிருந்தேன். தூக்கச் சொன்னால் உடனே தூக்க முடியாது.

“நீ ஏன்டா வந்தே?” என்றார் டாக்டர்.

பச்சை மூடி பாட்டிலை மேசை மேல் வைத்தேன். “நீங்க குடுத்தது டாக்டர்.”

“குடிச்சியா?”

“இல்ல. எனக்கு வயித்துவலியே இல்ல. உங்களக் கேக்க வந்தேன், பயத்துல வலிக்குதுன்னு சொல்லிட்டேன்.”

ரிஃபானா திரும்பி என்னைப் பார்த்தாள். ரஷீது கூரையைப் பார்த்தான்.

“இதுல இன்னா கீதுன்னு சொல்லுங்க டாக்டர். இந்தப் புள்ளைக்கு இதத்தான் குடுத்துகினு இருந்தாங்க. பால நிறுத்தறதுக்கு முன்னாடி தெரியணும்.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். “அந்த ஆராய்ச்சியா? கேளு. மூணாவது மாடியிலருந்து ஒரு அம்மா புள்ளயத் தூக்கிட்டு வருது. வீட்டுல லாரித் தண்ணி. புருஷன் வண்டியில. நாளைக்கு மறுபடியும் வாம்மான்னா வராது, வர முடியாது. நான் வெறும் உப்பு சர்க்கரைத் தண்ணியக் குடுத்து அனுப்பறேன். காலைல புள்ள சுருண்டு போச்சுன்னா உங்க ஆராய்ச்சி வந்து தூக்குமா?”

“தூக்காது டாக்டர்,” என்றேன். உண்மை அதுதான்.

“பின்ன என்ன?”

“எங்கப்பா காசிமேட்டுல படகுக்குப் போனவரு, உங்களுக்கே தெரியும். சுருக்குமடி வலை போட்டா மாட்டாத மீனே இல்ல. பெரிசும் வரும், குஞ்சும் வரும், முட்டையும் வரும். ஒரு நாள் போட்டா கடல் தாங்கிக்கும். தெனமும் அதே எடத்துல போட்டா அப்பால கடல்ல இன்னா இருக்கும்? வெறுந்தண்ணிதான். வலையே போடாதீங்கன்னு கௌசர் மேடமும் சொல்லல. இந்தப் புள்ள வயித்துல எத்தினி வாட்டி வலை போட்டாங்கன்னுதான் கேக்கறாங்க.”

வெளியே சுடலைராஜ் அடுத்த நம்பரைக் கூப்பிட்டார். யாரோ ஒரு குழந்தை கதவை உதைத்தது.

“கூட்டம் நிக்குது,” என்றார் டாக்டர். “எழுந்திரு.”

எழுந்திருக்கவில்லை. நாற்காலியை மேசைப் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். “எனக்கு இன்னும் வைத்தியம் முடியல டாக்டர்,” என்றேன்.

“உனக்கு வியாதியே இல்லைன்னியே.”

“கேட்ட கேள்விக்குப் பதில் வராம தூக்கம் வரமாட்டேங்குது. அதுக்கு இன்னா கலரு மூடின்னு பாத்து குடுங்க.”

அவர் வாயோரம் லேசாகக் கோணியது. சிரிப்பா, எரிச்சலா என்று சொல்ல முடியாது. கையை நீட்டி ரிஃபானாவின் மடியிலிருந்து சுஃபியானை வாங்கிக்கொண்டார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். உச்சந்தலையைத் தடவினார். தொடைச் சதையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். பிடிக்க அங்கே அதிகம் இல்லை. பையன் அவருடைய ஸ்டெதாஸ்கோப்பைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டான்.

“மலத்துல ரத்தம் எதுவும் போகலியே?” என்று ரிஃபானாவைக் கேட்டார்.

“போகல டாக்டர்.”

“காய்ச்சல்?”

“ஒரு வாட்டியும் இல்ல.”

“பால் நல்லா குடிக்கறானா?”

“விட மாட்டேங்கறான்.”

“மருந்து முடிஞ்சதும் நின்னு, அப்புறம் மறுபடியும் போவுதா?”

“போவும். உடனே இட்டாந்துருவேன்.”

“நானும் உடனே குடுத்துருவேன்,” என்றார் அவர், யாருக்கும் சொல்லாத மாதிரி. கதவு மறுபடி உதைபட்டது. அவர் திரும்பவில்லை.

“அந்தம்மா பேரு என்ன? உங்க டாக்டரு.”

“கௌசர்.”

“திங்கக்கிழமை இவனைக் காட்டினா பாப்பாங்களா?”

“பாப்பாங்க. நானே கூட்டினு போறேன். ஆனா அவங்க மொதல்ல கேக்கப்போறது இதத்தான் டாக்டர்.” பாட்டிலை அவர் பக்கமாக ஓர் அங்குலம் தள்ளினேன். “பச்ச மூடில இன்னா கீது?”

வேலப்பன் டாக்டர் குழந்தையை ரிஃபானாவிடம் கொடுத்தார். பாட்டிலை எடுத்து ஒரு தடவை குலுக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், வயிற்றுவலி ஜெரியைப் பார்க்கிற பார்வை இல்லை.

“ஆன்டிபயாடிக்தான் ஜெரி. இவன் வந்த ஒவ்வொரு தடவையும் குடுத்திருக்கேன், ஒரு தடவைகூட இவனுக்கு அது தேவைப்படல. பால்ல ஒரு குறையும் இல்ல. ரிஃபானா, நீ நிறுத்த வேணாம்மா.”